ஒரே மிளகுத் தோட்டம், நாலு நாட்டுச் சட்டம்: வீடியோவை நிறுத்திட்டு மூலத்தைத் திறங்க



வெளிநாட்டு வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, ஊரில் ஒரு நிலம். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நம்ம ஆளுங்க முதலில் செய்வது யூடியூபில் தேடுவது. அடுத்து நண்பரைக் கேட்பது. கடைசியில், பணம் கைமாறிய பிறகு, ஆடிட்டரிடம் வருவது. சட்டத்தைத் திறந்து பார்ப்பது அந்த வரிசையிலேயே கிடையாது.

நானும் வீடியோ போடுகிறவன்தான். ஆனாலும் சொல்கிறேன்: பத்து வீடியோ பார்ப்பது சட்டம் தேடுவது ஆகாது. இன்றைக்குப் பல நாட்டுச் சட்டங்கள் உங்க போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சில லட்சங்களை அனுப்புவதற்கு முன் அரை மணி நேரம் அதைத் திறந்து படிக்காமல் இருப்பதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

கொல்லிமலையை வைத்தே பார்ப்போம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் மிளகு, காபி, பலா, அன்னாசி. இங்கே "மலைக்காற்றோட பண்ணை வீடு, காபித் தோட்டத்துக்கு நடுவுல ஒரு ஏக்கர்" என்று வரும் விளம்பரத்தைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம்ம பசங்களும் பார்க்கிறார்கள். கேள்வி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு பதில்

ஒரு உதாரணம். நாமக்கல்லைச் சேர்ந்த ஒருத்தர் நவம்பர் 10-ம் தேதி வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறார். ஜனவரியில் கொல்லிமலையில் ஒரு ஏக்கர் தோட்டம் ரூ.18 லட்சத்துக்கு வாங்க நினைக்கிறார். "நான் இந்த வருஷம் 182 நாளுக்கு மேல இந்தியாவுலதான் இருந்தேன், அதனால நான் ரெசிடென்ட்" என்கிறார்.

வருமான வரிச் சட்டப்படி அவர் சொல்வது சரி. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 10 வரை 224 நாள். அந்த நிதியாண்டுக்கு அவர் ரெசிடென்ட்தான்.

ஆனால் நிலம் வாங்கலாமா என்று சொல்வது வருமான வரிச் சட்டம் இல்லை. அது ஃபெமா, அதாவது 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். அதன் 2-வது பிரிவில் 'இந்தியாவில் வசிப்பவர்' என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போனவர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். விமானம் ஏறிய நாளிலிருந்தே அவர் வெளிநாட்டில் வசிப்பவர். அப்படிப்பட்டவர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் ஆகியவற்றை வாங்க முடியாது என்று 2019-ம் ஆண்டின் கடன்சாரா முதலீட்டு விதிகளில் 24-வது விதி சொல்கிறது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வசித்தபோது வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கத்தான் தடை.

மீறினால்? ஃபெமா 13-வது பிரிவு: சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம். 18 லட்சத்துக்கு 54 லட்சம் வரை. நிலத்தைப் பறிமுதல் செய்யவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

"அப்போ அப்பா பேர்ல போட்டுக்கோங்க சார்" என்பார் புரோக்கர். அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1988-ம் ஆண்டின் பினாமிச் சட்டம், 2016-ல் கடுமையாக்கப்பட்டது. மனைவி அல்லது கணவர் பேரில், பிள்ளைகள் பேரில், கணக்கில் வந்த பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. அப்பா அம்மா பேரில் வாங்குவதற்கு அந்த விலக்கு வேண்டுமென்றால், பத்திரத்தில் உங்க பேரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். உங்க பேர் வந்தால் ஃபெமா தடுக்கிறது. வராவிட்டால் பினாமிச் சட்டம் கேட்கிறது. நிஜமாகவே அப்பாவுக்குக் கொடுத்த பணம், நிஜமாகவே அப்பாவோட நிலம் என்றால் அது வேறு விஷயம். நிலம் உங்களோடது, பேர் மட்டும் அவரோடது என்றால் ஒரு வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம்.

நான் இதுவரை சொன்னதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாமே அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கும் பிரிவுகள். படித்தால் இருபது நிமிஷம் ஆகும்.

இப்போ தோட்டம் வாரிசாக வந்தால்?

இரண்டாவது கணக்கு இன்னும் சுவாரசியம். அப்பாவின் மிளகுத் தோட்டம் நாலு பிள்ளைகளுக்கு வருகிறது. ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் துபாய், ஒருத்தர் லண்டன், ஒருத்தர் அமெரிக்கா. தலைக்கு வருஷம் ஒரு லட்சம் ரூபாய் மிளகு வருமானம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் இது விவசாய வருமானம், வரி இல்லை. மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டினால், வரி விகிதம் கணக்கிட மட்டும் இதைச் சேர்ப்பார்கள். (மிளகைக் காயவைத்து விற்பது விவசாயம்தான். காபியை க்யூரிங் செய்து விற்றால் 25 சதவீதமும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதமும் வணிக வருமானமாகிவிடும். அது தனி வீடியோ.)

சரி, பிள்ளைகள் வசிக்கும் நாடுகள் என்ன சொல்கின்றன?

- சிங்கப்பூர்: வெளிநாட்டிலிருந்து தனிநபர் கொண்டுவரும் வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. 2004 முதல் இப்படித்தான்.
- துபாய்: தனிநபருக்கு வருமான வரியே இல்லை.
- லண்டன்: இங்கேதான் தேதி முக்கியம். பழைய 'ரெமிட்டன்ஸ்' முறை 2025 ஏப்ரல் 6-ல் ஒழிந்தது. அதற்கு முன் பத்து வருஷம் அந்த நாட்டில் வசிக்காதவருக்கு, குடியேறிய முதல் நாலு வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு கோரலாம். அதன் பிறகு வரி உண்டு.
- அமெரிக்கா: குடிமகன், கிரீன் கார்டு வைத்திருப்பவர், வரிக் கணக்குக்கு ரெசிடென்ட் ஆனவர், இவர்கள் எல்லோரும் உலகம் முழுக்க வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும். இந்தியாவில் மிளகுக்கு வரி கட்டாததால், கழித்துக்கொள்ள அங்கே வெளிநாட்டு வரிக் கழிவும் கிடைக்காது. நாமக்கல் வங்கிக் கணக்கையும் சேர்த்து வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கையும் உண்டு.

அதே கொடி, அதே மிளகு, நாலு பதில். "என்.ஆர்.ஐ-க்கு விவசாய வருமானம் டேக்ஸ் ஃப்ரீ" என்று ஒரு வீடியோ சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தில் இருக்கிறது. அதைத் தேட வேண்டியது உங்க வேலை.

ஈப்போ ரப்பர் தோட்டம் சொல்லும் பாடம்

இப்போ இதைத் திருப்பிப் போடுங்க. ஆள் தமிழ்நாட்டில், தோட்டம் வெளிநாட்டில். இது செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம். பர்மா, மலாயா, இலங்கை என்று தொழில் செய்து அங்கே சொத்தும் வாங்கினார்கள்.

இதில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வருமான வரி ஆணையர் எதிர் பி.வி.ஏ.எல். குழந்தகன் செட்டியார், 2004-ம் ஆண்டுத் தீர்ப்பு. மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம். அங்கே வந்த வருமானத்துக்கும், அங்கே சொத்து விற்ற லாபத்துக்கும் இந்தியா வரி போடலாமா என்பது கேள்வி. இந்தியச் சட்டத்தில் 'விவசாய வருமானம்' என்றால் நிலம் இந்தியாவில் இருக்க வேண்டும். அதனால் கொல்லிமலை மிளகுக்குக் கிடைக்கும் விலக்கு ஈப்போ ரப்பருக்குக் கிடையாது. மிஞ்சியது இந்தியா–மலேசியா இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் மட்டுமே.

அந்த ஒப்பந்தத்தில், அசையாச் சொத்தின் வருமானத்துக்கு, சொத்து இருக்கும் நாடு 'வரி விதிக்கலாம்' என்று இருந்தது. இந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்துதான் பிரச்சினை. மலேசியா விதிக்கலாம் என்றால் இந்தியா விதிக்கக் கூடாதா, அல்லது இரண்டு பேருமே விதிக்கலாமா? இந்தியா விதிக்க முடியாது என்று வரி கட்டுபவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

இன்றைக்கு ஒருத்தர் இணையத்தில் தேடினால் இந்தத் தீர்ப்பு உடனே கிடைக்கும். படித்துவிட்டு, "சூப்பர், மலேசியா வாடகையை இந்திய ரிட்டர்ன்ல காட்ட வேண்டாம்" என்று முடிவு செய்யலாம். அங்கேதான் மாட்டுவார். 2008 ஆகஸ்ட் 28-ல் மத்திய அரசு 91/2008 என்ற அறிவிக்கையை வெளியிட்டது. ஒப்பந்தத்தில் 'வரி விதிக்கலாம்' என்று இருந்தால், அந்த வருமானத்தை இந்தியாவில் மொத்த வருமானத்தில் சேர்க்க வேண்டும். இரட்டை வரி வராமல் ஒப்பந்தத்தில் உள்ள முறைப்படி நிவாரணம் பெறலாம் என்று அது விளக்கம் கொடுத்தது. மலேசியாவுடனான ஒப்பந்தமே பிறகு 2012-ல் புதிதாகக் கையெழுத்தானது.

தீர்ப்பு நிஜம். உச்ச நீதிமன்றம் சொன்னது நிஜம். ஆனாலும் அதை மட்டும் வைத்து இன்றைக்கு ரிட்டர்ன் போட்டால் நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம். ஏன் என்றால் தேடியவர் தேதியைப் பார்க்கவில்லை.

அதனால் எந்தத் தேடலுக்கும் மூன்று கேள்வி போதும்: எந்த நாடு? எந்தச் சட்டம்? எந்தத் தேதி? முதல் கேள்வியை மிளகுத் தோட்டம் காட்டியது. இரண்டாவதை சிங்கப்பூர் போனவர் காட்டினார். மூன்றாவது ஈப்போ.

நமக்கே இப்போ மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. முந்தைய வருஷங்களுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டமே. இணையத்தில் இருக்கும் பழைய கட்டுரைகளில் எல்லாம் பழைய பிரிவு எண்தான் இருக்கும். உங்க கேள்வி எந்த வருஷத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்க.

எங்கே திறக்கணும்?

இந்தியா: சட்டங்களுக்கு 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளம். விதிகளும் அறிவிக்கைகளும் மின் அரசிதழில். ஃபெமா சுற்றறிக்கைகள் ரிசர்வ் வங்கித் தளத்தில். இரட்டை வரி ஒப்பந்தங்களின் முழு வாசகம் வருமான வரித் துறைத் தளத்தில் நாடு வாரியாக இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் தொடங்கிய 'இ-எஸ்.சி.ஆர்', சில தீர்ப்புகள் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உண்டு. தேட எளிது 2008-ல் தொடங்கிய 'இந்தியன் கானூன்'.

நிலம் என்றால் கூடுதலாக இரண்டு: பட்டா, சிட்டாவுக்குத் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளம்; வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறைத் தளம்.

சிங்கப்பூர்: அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடத்தும் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்'. தேதி வாரியாகப் பழைய வடிவத்தையும் பார்க்கலாம்.

பிரிட்டன்: சட்டங்களுக்கு 'லெஜிஸ்லேஷன்' அரசுத் தளம். தீர்ப்புகளுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபைண்ட் கேஸ் லா', 2022 ஏப்ரல் முதல்.

அமெரிக்கா: கார்னெல் பல்கலைக்கழகம் 1992-ல் தொடங்கிய சட்டத் தகவல் நிலையம். இலவசச் சட்டத் தளங்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். வரிக்கு ஐ.ஆர்.எஸ் தளம்.

ஐக்கிய அரபு அமீரகம்: அரசின் சட்டத் தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். ஆனால் செல்லுபடியாவது அரபு மூலம். வேலை ஒப்பந்தத் தகராறு என்றால் இதை மறக்காதீங்க.

ஆஸ்திரேலியா: 1995-ல் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய 'ஆஸ்ட்-லீ'. இலங்கை, மலேசியா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளுக்கு 'காமன்-லீ'. எந்த நாடு என்றே தெரியாமல் ஆரம்பிப்பவர்களுக்கு 'வேர்ல்ட்-லீ', அல்லது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சட்ட வழிகாட்டிப் பக்கங்கள்.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. 2002-ல் மாண்ட்ரியலில் இந்தச் சட்டத் தகவல் நிலையங்கள் கூடி, பொதுச் சட்டத் தகவல் மனித குலத்தின் பொதுச் சொத்து, அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தன. நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகத்துக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது என்ற நிலையை நம்ம உச்ச நீதிமன்றமும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உறுதி செய்தது. 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜார்ஜியா மாநிலம் தன் சட்டத் தொகுப்பின் விளக்கக் குறிப்புகளுக்குக்கூடக் காப்புரிமை கோர முடியாது என்றது.

ஏ.ஐ-கிட்ட கேட்டா போதாதா?

கேளுங்க, தப்பில்லை. எந்தச் சட்டத்தைத் திறக்கணும் என்று வழி கேட்க அது நல்ல துணை. ஆனால் அது சொன்ன பிரிவையோ தீர்ப்பையோ மூலத்தில் பார்க்காமல் நம்பாதீங்க. 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்கு வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம். நம்ம பக்கத்திலேயே, பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் போட்ட ஓர் ஆணையில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்ததால், அந்த ஆணையே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடத்திலேயே இப்படி என்றால், அலுவலகம் முடிந்து இரவு பதினொரு மணிக்குப் போனில் தேடும் நமக்கு எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும்.

அரசிடம் ஒரு கேள்வி

"சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது" என்பது எல்லா நாட்டு நீதிமன்றமும் சொல்வது. சரிதான். ஆனால் அப்படிச் சொல்லும் அரசு, சட்டம் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொல்லிமலையில் வசிப்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். இங்கே நிலம் என்றால் பட்டா மட்டும் பார்த்தால் போதாது. அரசு ஒப்படை செய்த நிலமா, ஒப்படை நிபந்தனை என்ன, யாருக்கு விற்கத் தடை என்று பார்க்க வேண்டும். ஒப்படை பற்றிய சங்கதி வருவாய் நிலையாணைகளிலும் பல காலகட்ட அரசாணைகளிலும் சிதறிக் கிடக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தை 'இந்தத் தேதியில் எப்படி இருந்தது' என்று ஒரு கிளிக்கில் பார்க்கலாம். நம்ம மலை நிலத்துக்கான நிபந்தனையை அப்படிப் பார்க்க முடியவில்லை என்றால் அது சாதாரணக் குறை இல்லை. ஏமாறப் போவது வாங்குகிற ஐ.டி ஊழியர் மட்டுமல்ல, கைநாட்டு வைத்து நிலத்தை இழக்கும் மலைக் குடும்பமும்தான்.

திருத்தங்களோடு, தேதியோடு, தமிழில், ஒரே இடத்தில். இதைக் கேட்பது பேராசை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டங்களை 24 மொழிகளில் ஒரே தளத்தில் வெளியிடுகிறது. நாம் கேட்பது ஒரு மொழியில்.

கடைசியா ஒண்ணு

மூலத்தைப் படித்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் நடை கரடுமுரடுதான். ஆனால் பிரிவைப் படித்துவிட்டு வருகிற கிளையன்ட் கேட்கும் கேள்வி வேற மாதிரி இருக்கும். "சார், கொல்லிமலையில நிலம் வாங்கலாமா?" என்று கேட்கமாட்டார். "நான் நவம்பர்ல போனேன், ஃபெமா 2-வது பிரிவுப்படி நான் வெளிநாட்டில் வசிப்பவர்தானே? அப்போ என் அப்பா தன் பணத்துல வாங்குறதுல எனக்கு என்ன பங்கு?" என்று கேட்பார். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லி அனுப்பலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்பவரை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது, ஆடிட்டர் உட்பட.

அடுத்த முறை நிலமோ வேலை ஒப்பந்தமோ வரியோ, ஒரு வீடியோவில் "சட்டப்படி" என்ற சொல் வந்தால் அங்கேயே பாஸ் பண்ணுங்க. எந்த நாடு, எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று எழுதிவைத்துத் தேடுங்க. அந்த வீடியோ என்னுடையதாக இருந்தாலும் சரி.

இது பொதுவான தகவல்தான். உங்க ஆவணங்களைப் பார்க்காமல் சொல்லும் தனிப்பட்ட ஆலோசனை இல்லை. கேள்வி இருந்தால் அனுப்புங்க. கூடவே நீங்கள் படித்த பிரிவு எண்ணையும் எழுதுங்க.